முள் அடைத்த ஊரில் மல்லிகைப் பருவம்

வாசிப்பவரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல அழைக்கவில்லை. தீர்ப்புச் சொல்வோர் அந்நாளில் எங்கள் ஊரில் தேவைக்கு அதிகமாகவே இருந்தார்கள். நான் காட்டும் இடத்தில் சற்றே நின்று, பிறகு எவரேனும் கேட்டால் கண்டேன் என்று சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

இதோ, ஏரிக்கரையை ஒட்டிய இந்த வரப்பில் நில்லுங்கள். பொழுது சாய்கிறது. மேற்கே செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரியின் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை மெல்ல வெளியே விடுகின்றன. காலடியில் ஒரு குண்டுமல்லித் தோட்டம். சற்று முன்வரை வெறும் பச்சையாக இருந்த வயலில், யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் விளக்கேற்றிக்கொண்டே நடப்பதுபோல, மொட்டுகள் ஒவ்வொன்றாய் வெளுத்து விரிகின்றன. பறித்திருக்க வேண்டிய மொட்டுகள். பறிக்கக் கைகள் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஊரின் வாயில் தெரியும். அதில் வேலிக்கருவை முள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். முள்ளை வெட்டிப் போட்டவர்கள் எங்கள் தெரு இளைஞர்கள். போடச் செய்தது என் பேச்சு. உள்ளே விரிந்து வீணாகும் பூ என் அக்காவுடையது.

நான் மேடைக்குப் பழகியவன். அதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். பள்ளிக் காலத்தில் விடுமுறை நாள்களில் செஞ்சிக்குப் போய், கோட்டை அடிவாரத்துப் பாறைகளின்முன் நின்று பேசுவேன். பாறை என் சொற்களைச் சற்றுத் தாமதமாகத் திருப்பித் தரும். எந்தச் சொல் தேய்ந்து வருகிறது, எது முழுதாக வருகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் என் குரலைத் தீட்டினேன். கல்லூரியில் வாதக்கலை பயின்றபோது ஒரு முறையை எங்களுக்குப் பழக்கினார்கள். எதிரணியின் வாதத்தை முதலில் நீயே சொல். அவர்களே பொறாமைப்படும் அழகோடு சொல். அவை உன் நேர்மையை நம்பும். பிறகு நிறுத்து. அவையின் மூச்சு முழுவதும் உன்னிடம் வந்து சேரும்வரை பேசாமல் நில். அதன்பின் ‘ஆனால்’ என்று தொடங்கு. அந்த மௌனத்தில்தான் நான் கோப்பைகளை வென்றேன்.

வீட்டில் ஒத்திகை நடக்கும். அம்மா இல்லாத வீடு. நைனா என்று நாங்கள் அழைக்கும் அப்பா, அக்கா, நான். நேரம் முடிந்ததென்று அறிவிக்க நைனா ஒரு கரண்டியால் தட்டைத் தட்டுவார். எனக்குப் பிடித்த உவமை வரும் இடமாகப் பார்த்துத் தட்டுவதே அவர் வழக்கம்.

நைனா கல் குவாரியில் உழைத்தவர். பாறைத் தூசு அவர் நெஞ்சில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. மார்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த மருத்துவர், இந்த நுரையீரல் இன்னொரு நோயைத் தாங்காது என்று ஒருமுறை சொல்லியிருந்தார். தெருவில் நடக்கையில் நைனா இடையிடையே நின்று வானத்தைப் பார்ப்பார். மேகத்தை ரசிப்பவர் என்று அறியாதவர்கள் நினைப்பார்கள். மூச்சு வாங்குவதைப் பிறர் காணாதிருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

அக்கா செஞ்சியில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். முதல் ஊரடங்கில் பள்ளி மூடியது. பிறகு திறக்கவே இல்லை. சில மாதங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தவள், ஒரு நாள் எழுந்துபோய் ஏரிக்கரை நிலத்தைக் குத்தகைக்குப் பேசி முடித்துவிட்டு வந்தாள். குண்டுமல்லி நட்டாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதுபோல நட்டாள். கோணலாக நின்ற செடியைப் பார்த்து, “நேரா நில்லு, யார் அது பின்னாடி பேசுறது?” என்று அவள் அதட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். மறு ஆண்டு கோடையில் தோட்டம் முதன்முறையாக நிறைந்து பூத்தபோது, இரண்டாம் அலை வந்து சேர்ந்திருந்தது.

பூச்சந்தை மூடிக் கிடந்தது. ஆயினும் வாசனைத் திரவியம் எடுக்கும் ஆலை ஒன்றின் வண்டி விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரம் வந்து நின்றது. ஊரார் அதைச் ‘சென்ட் கம்பெனி வண்டி’ என்பார்கள். சாலைக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து பெண்கள் இருட்டு விலகுமுன் வந்து மொட்டுப் பறிப்பார்கள். வெயில் ஏறுமுன் பூ வண்டியில் ஏறிவிடும். அரசின் ஊரடங்கு வயல் வேலையைத் தடுக்கவில்லை. தடுக்கவிருந்தது எங்கள் ஊர் தனக்குத் தானே போட்டுக்கொள்ள நினைத்த அடைப்பு. வெளியார் எவரும் உள்ளே வரக் கூடாது, உள்ளிருப்போர் வெளியே போகக் கூடாது, எல்லையில் முள் போட்டுவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. காரணம் இல்லாமல் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒருவர்மேல் போட்ட மண் காய்வதற்குள் அடுத்தவருக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடைத்தால் பறிக்கும் பெண்கள் வர முடியாது. பறிக்காத பூவில் புழு வைக்கும், அந்தப் புழு மொட்டைத் துளைத்துச் செடி செடியாய்ப் பரவும், பருவமே போய்விடும். அடைக்காவிட்டால், நோய் நைனாவின் நெஞ்சுவரை நடந்து வர அதிகத் தூரம் இல்லை. ஒரே கூரையின்கீழ் வழக்கின் இரு தரப்பும் சோறு உண்டுகொண்டிருந்தன.

“டேய் பேச்சாளரே,” என்றாள் அக்கா, கூட்டத்துக்கு முதல் நாள் சாப்பிடும்போது. “நாளைக்கு கோயில் முன்னால கூட்டமாம். நாட்டாமை உன்னப் பேசச் சொல்லப் போறாரு. எந்தப் பக்கம் பேசுவ?”

“உன் பக்கந்தாங்க்கா.”

“அவன் பக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானம்மா,” என்றார் நைனா. “ஒரு பொங்கலுக்கு மாமியாருக்காகப் பேசினான். அடுத்த பொங்கலுக்கு மருமவளுக்காகப் பேசினான். ரெண்டுத்துலயும் கப்பு வாங்கிக்கினு வந்துட்டான்.”

“எனக்கு கப்பு வேணாம் நைனா. வரிசைக்கு வரிசை எட்டி நின்னு பொம்பளைங்க பறிக்கட்டும். மூஞ்சில துணி கட்டிக்கினு பறிக்கட்டும். ஊருக்குள்ள வரவே வேணாம், ஏரிக்கரையோட வந்து கரையோட போவட்டும். இத மட்டும் சொன்னா போதும்டா. அழகா சொல்லணும்னு இல்ல.”

“அழகா சொன்னாத்தாங்க்கா கேப்பாங்க.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபடி சொன்னாள்: “அப்ப அழகாவே சொல்லு. ஆனா சொல்லிடு.”

மாதா கோயில் கதவு அடைத்திருந்தது. அதன்முன் மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தார்கள், வட்டத்துக்கு ஒருவர். மாலை வெயிலில் ஊரே ஏதோ பெயர் தெரியாத விளையாட்டுக்காக நிறுத்தி வைக்கப்பட்டதுபோலத் தோன்றியது. எவர் முகமும் முழுதாகத் தெரியவில்லை; கண்கள் மட்டும் வட்டங்களிலிருந்து மேலே எழுந்து மிதந்தன. கோபுரத்தின்மேல் ஒலிபெருக்கிக் குழாய்கள் இரண்டு, ஒன்று ஊரை நோக்கியும் மற்றது சாலைக்கு அப்பாலும்.

நாட்டாமை மூன்று சொற்களில் காரியத்தைச் சொல்லிவிட்டு ஒலிவாங்கியை என்னிடம் தந்தார். நான் முறைப்படியே தொடங்கினேன். அடைக்கச் சொல்வோரின் வாதத்தை அவர்களைவிட நன்றாகச் சொன்னேன்.

“பெரியோர்களே, ஓர் ஊரின் செல்வம் எதுவென்று கேட்டால் நிலத்தைக் காட்டுவோம், நெல்லைக் காட்டுவோம். இங்கே ஒருவர் நடந்து போகிறார். நாலடிக்கு ஒருமுறை நின்று வானத்தைப் பார்க்கிறார். அவர் பார்ப்பது வானத்தை அல்ல. அடுத்த மூச்சு எங்கிருந்து வரும் என்று பார்க்கிறார். அவரை எனக்குத் தெரியும். அவர் கைபிடித்து நான் நடை பழகினேன். விற்காத நெல்லை மறு மாதம் விற்கலாம். இழந்த கூலியை மறு பருவத்தில் ஈட்டலாம். நின்றுபோன ஒரு மூச்சை எந்தச் சந்தையிலும் திரும்ப வாங்க முடியாது.”

இப்படி இன்னும் சொன்னேன். என் குரல் குழாய்களின் வழியே போய், ஏரிமேல் தங்கி, ஒரு கணம் தாமதித்துத் திரும்பி வந்தது. எல்லாச் சொற்களும் முழுதாக வந்தன. நான் நிறுத்தினேன். மௌனம் வந்தது, நான் அறிந்தவற்றில் ஆழமான மௌனம். வட்டங்களில் இருந்தோரின் மூச்சு ஒவ்வொன்றாய் என்னிடம் வந்து சேர்வதை உணர்ந்தேன். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஒரு கை தட்டியது. அடுத்த கணம் மைதானமே தட்டியது.

அதே வேளையில் சாலைத் திருப்பத்தில் காவல் ஜீப் தெரிந்தது. “கூட்டம் கூடாதீங்க, கலைஞ்சி போங்க!” என்று அதன் குழாயிலிருந்து குரல் வந்தது. நாட்டாமை என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

“தம்பி சொல்லிட்டாரு. இதுக்கு மேல சொல்ல இன்னா இருக்குது? போய் முள்ளு வெட்டுங்கடா!”

“ஆனால்...” என்றேன் நான். அதற்குள் யாரோ மின்இணைப்பைப் பிடுங்கியிருந்தார்கள்.

வட்டங்கள் காலியாயின. ஒரு வட்டத்தில் மட்டும் அக்கா நின்றாள்.

“முடிச்சிட்டியா?”

“இல்லக்கா. பாதிதான் ஆச்சி. மீதிய சொல்றதுக்குள்ள...”

“ஊருக்கு அந்தப் பாதியே போதுமாம்,” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அடைப்புக்குள் இருந்த நாள்கள் என் நினைவில் வரிசையாக இல்லை. நீரின் அடியில் கிடக்கும் பொருள்கள்போல அசைந்து அசைந்து தெரிகின்றன. பேருந்தின் ஓசை இல்லாத சாலையில் மயில்கள் நடந்தன. தொலைவில் மலைகள் காலைப் புகைமூட்டத்தில் அடி அறுந்து மிதந்தன. பகலில் தெருவே உறங்குவதுபோல இருக்கும். அந்தி வந்ததும் தோட்டம் விழித்துக்கொள்ளும். பறிக்கப்படாத மொட்டுகள் மொத்தமாக மலர, மணம் வரப்பைத் தாண்டி, சன்னல் கம்பிகளுக்கு இடையே புகுந்து, அடுப்புப் புகையோடு கலந்து ஊரையே நிரப்பும். உறக்கத்திலும் அது உடன் வந்தது. கனவுகளில் நான் பேசிய மேடைகளெல்லாம் வெண்மையாக இருந்தன.

அந்த நோய் மூக்கின் உணர்வைப் பறிக்கும் என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். எவர் தொடங்கினார் என்று தெரியவில்லை. ஊருக்குள் ஒரு புது வழக்கம் பிறந்தது. அந்தியில் வாசலுக்கு வந்து, எதிர்வீட்டைப் பார்த்து, “பூ வருதா?” என்று கேட்பார்கள். “வருது, வருது. உங்களுக்கு?” என்று பதில் வரும். வீடு வீடாக இந்தக் கேள்வி தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போகும். மாலைச் செபத்தைவிட ஒழுங்காக நடந்தது இது. வராதவர் மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவுக்குச் சோறு போடாத பூ, ஊருக்குக் கூலி வாங்காத காவலாளாக வேலை பார்த்தது. அதற்காக அக்காவுக்கு நன்றி சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. பூ பூக்கிறது, மணக்கிறது. அதில் அவளுடைய வேலை என்ன இருக்கிறது என்பதுபோல இருந்தார்கள்.

விடியலில் அவளும் நானும் பறித்தோம். இரண்டு பேர் பறித்துத் தீரும் தோட்டமா அது? இரண்டு பேர் பறித்த பூவுக்காகச் சென்ட் கம்பெனி வண்டியும் நிற்காது. பறித்ததைக் கல்லறைத் தோட்டத்துப் புதுமண்மேல் கொட்டினோம். மீந்ததை ஏரியில் விட்டோம். வெள்ளைத் திட்டுகளாக அவை காற்றுப் போன பக்கம் போயின. அக்கா என்னோடு நேராகப் பேசவில்லை.

“நைனா, உங்க புள்ளைய அந்த வரிசைய முடிக்கச் சொல்லுங்க.”

வரப்பில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் நைனா என் பக்கம் திரும்புவார். “எப்பா, டீச்சர் சொல்றாங்க பாரு. முடிக்கலன்னா பெஞ்சி மேல ஏத்திடுவாங்க.”

ஒரு காலையில் முள்ளுக்கு அப்பால் பறிக்கும் பெண்கள் சிலர் ரேஷன் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுள் மூத்தவள் என்னைக் கண்டு நின்றாள்.

“இன்னா தம்பி, மைக்ல நல்லா பேசினியாமே. எங்க ஊரு வரைக்கும் கேட்டுச்சி.”

“நான் முழுசா பேசலம்மா.”

“அரையா பேசினதுக்கே எங்களுக்கு அடுப்பு எரியல. முழுசா பேசியிருந்தா ஊரையே காலி பண்ணிட்டுப் போயிருப்போம் போல இருக்குது!” என்று அவள் சிரிக்க, உடன் வந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு அவள் முள்மேல் எக்கித் தோட்டத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. “எம்மா, ஊதா பாஞ்சிட்டிருக்குது பாரு,” என்று அக்காவிடம் கத்தினாள்.

அக்கா ஏற்கெனவே பார்த்திருந்தாள். வெள்ளை மொட்டின் நுனியில் மெல்லிய ஊதா நிறம். பிரித்தால் உள்ளே புழு. ஓரத்து வரிசையில் தொடங்கி அது வயலின் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. தெருவில் நோய் வந்த விதமும் அதுவே.

அன்று அந்தியில் நாங்கள் வரப்பில் இருந்தபோது நைனா கேட்டார்: “இன்னாம்மா, இன்னிக்கு பூ மலரலயா?”

அக்காவின் கை அப்படியே நின்றது. வயல் முழுதும் மலர்ந்து கிடந்தது. எங்கள் உடைகளில்கூட மணம் ஏறியிருந்தது. அவள் இரு கை நிறைய அள்ளி அவர் முகத்தருகே கொண்டுபோனாள்.

“வருதா நைனா?”

அவர் அவளைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். “வருது, வருது.”

“எப்படி வருது? சொல்லுங்க.”

“எப்படின்னா... பூ மாதிரிதான் வருது.”

அவர் எங்களிடம் பொய் சொன்னதை அன்றுதான் முதலில் கண்டேன். அதையும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நைனாவுக்கு மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் வந்தபோது முள்ளை நானும் அக்காவுமே கைகளால் இழுத்து வழி செய்தோம். வேறு எவரும் நெருங்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைக் கவச உடை அணிந்த இருவர், ஒளியில் கரைந்த உருவங்கள்போல இறங்கி, நைனாவை ஏற்றினார்கள். நைனா வானத்தைப் பார்த்தார். வண்டி போனபின் அக்கா, தெருவுக்கு வேண்டுமென்று, முள்ளை மீண்டும் இழுத்து அடைத்தாள். நான் வெளியே நின்றுவிட்டேன். அவள் உள்ளே.

செஞ்சி மருத்துவமனையின் எதிரே ஒரு புளியமரம். உள்ளே எவரையும் விடவில்லை. மரத்தடியே என் இருப்பிடமாயிற்று. கடைவீதி முழுதும் இழுத்து மூடிய கதவுகள். பேருந்து நிலையத்தில் அவலூர்பேட்டைப் பலகையின்கீழ் ஒரு நாய், வராத பேருந்துக்குக் காத்திருப்பதுபோலப் படுத்திருந்தது. நிமிர்ந்தால் கோட்டை. எத்தனை முற்றுகைகளைக் கண்ட சுவர் அது! உள்ளே இருப்போர் தானியம் தீரும்வரை தாங்குவார்கள். வெளியே இருப்போர் தானியம் தீரட்டும் என்று காத்திருப்பார்கள். கதவடைத்தல் என்பது அன்றும் களஞ்சியத்தைப் பொறுத்ததாகவே இருந்திருக்கும் என்று அந்த வெயிலில் எண்ணிக்கொண்டேன். எங்கள் ஊர் கதவை அடைத்தது. யார் வீட்டுக் களஞ்சியம் எவ்வளவு என்று கேட்கவில்லை. நானும் அந்த இடத்துக்கு வருமுன்னே நிறுத்தியிருந்தேன்.

வேறொன்றும் அந்த மரத்தடியில் என்னை விடாமல் சுற்றியது. அடைத்ததால் பிழைத்தவர் ஊரில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் யார்? நோய் வராதவர் வந்து, எனக்கு வரவில்லை, நன்றி என்று சொல்லப் போவதில்லை. தனக்கு வரவிருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. அடைத்ததால் இழந்தவளோ பெயரோடும் முகத்தோடும் ஒரு வயலில் நிற்கிறாள். நைனாவுக்கு நோய் முள்ளுக்கு முன்பே உள்ளே வந்திருந்ததா, பிறகு தெருவில் எவரிடமிருந்தோ வந்ததா, அதுவும் தெரியாது. ஒரு தட்டில் காணாத முகங்கள், மறு தட்டில் கண்ட முகம். இப்படியொரு தராசை எந்தப் பட்டிமன்றத்திலும் எனக்குத் தந்ததில்லை.

நைனாவோடு கைப்பேசியில் பேச முடிந்தது. முகமூடியின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“இங்க காத்து குழாயில வருதுடா. கரண்டு போனா காத்து போயிடுமோன்னு ஒரே டென்சன்.”

“போவாது நைனா. பேசாதீங்க.”

“நீ சொல்றியா என்னப் பேசாதன்னு?” என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன், இருமலாகவே கேட்டது.

ஒரு நண்பகலில் அக்கா அழைத்தாள். அடைப்புக்குப் பின் என்னிடம் அவள் நேராகப் பேசியது அதுவே முதல்.

“புழு நடு வரிசைக்கு வந்துடுச்சி,” என்றாள். பிறகு கேட்டாள்: “டேய், அன்னிக்கு அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் இன்னா சொல்ல இருந்த? சொல்லு.”

புளியமரத்தடியில் நின்று சொன்னேன். ஒலிபெருக்கி இல்லை; கேட்பவர் ஒருவரே. மனப்பாடம் செய்த வாக்கியங்கள் வாயில் வரவில்லை. வரிசைக்கு வரிசை இடம் விட்டு நிற்கலாம் என்றேன். கரை வழியே வந்து போகலாம். பறிக்கும் பெண்களுக்கும் அடுப்பு உண்டு. வெட்டவெளியில் காற்று ஓடுகிறது, அடைத்த அறைபோல இல்லை. அடைப்பதை இடம் பார்த்து, வேலை பார்த்து அடைக்கலாம். அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவளிடமே திருப்பிச் சொன்னேன். “நாட்டாமைகிட்ட நானே போன் போட்டு சொல்றேன்க்கா. இன்னிக்கே ஆளுங்கள வரச் சொல்லலாம்.”

“வேணாம்.”

“இன்னாக்கா?”

“நைனா உள்ள குழாயில மூச்சு வாங்கிக்கினு இருக்குது. எதிர்வீட்டு அண்ணிக்கும் நேத்துலருந்து பூ வரல. இப்பப் போயி நாலு பொம்பளைய வரவெச்சி, அதுல ஒருத்திக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் இன்னா செய்வேன்? அவளுக்கும் வீட்ல நைனா இருக்கும் இல்ல?”

“அப்ப தோட்டம்?”

“தோட்டம் போவுது.” வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளையின் பெயரைக் கடந்து போகும் ஆசிரியையின் குரல் அது. “அன்னிக்கே தொறந்து வெச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம். இப்ப தொறக்கக் கூடாது. ரெண்டுமே நெசந்தான். நீ மேடையில ஒண்ணத்தான் சொல்லுவ.”

அன்று மாலை அவள் தனியாகவே பூச்சிமருந்து அடித்ததாகவும், அது மிஞ்சிய வரிசைகளைக்கூடக் காக்கவில்லை என்றும் பிறகு அறிந்தேன்.

நைனா திரும்பி வந்தார். மெலிந்து, சட்டைக்குள் காற்று நுழைந்தாடும் அளவுக்குச் சுருங்கி வந்தார், ஆனால் வந்தார். மூக்கு மட்டும் திரும்பவில்லை. எதிர்வீட்டு அண்ணியும் எழுந்து நடமாடினாள். கல்லறைத் தோட்டத்தில் புதுமண் விழுவது நின்றது. முள்ளை அகற்றும் நாள் வந்தபோது அக்காவின் வயல் கருகிய மொட்டுகளோடு, யாரோ ஊதி அணைத்த விளக்குகளின் வரிசையாக நின்றது. அந்தியில் மணம் வரவில்லை. தெருவில் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கும்.

கோயில் முன் மைதானத்தில் சுண்ணாம்பு வட்டங்கள் மழையில் பாதி கரைந்திருந்தன. மக்கள் வட்டத்துக்குள்ளும் வெளியிலுமாக நின்றார்கள். நாட்டாமை ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“நம்ம ஊரு பொழச்சிதுன்னா அதுக்குத் தம்பியோட பேச்சுதான் காரணம். அன்னிக்கு அழ வெச்சிட்டாரு. இன்னிக்கு ரெண்டு வார்த்த சந்தோசமா பேசட்டும். ஒரு சால்வை போடுங்கப்பா.”

சால்வை தோளில் விழுந்தது. கை தட்டினார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஒரு மூச்சேனும் அந்த அடைப்பால் பிழைத்திருக்கலாம், அதை இல்லையென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கூட்டத்தின் ஓரத்தில் அக்கா நின்றாள். நைனா அவள் தோளைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் விலகிய வழியில், சாலைக்கு அப்பாலிருந்து வந்த பறிக்கும் பெண்கள், உள்ளே வரலாமா என்று தயங்கி எல்லையிலேயே நின்றிருந்தார்கள். அவர்கள் ஊரை நோக்கிய ஒலிபெருக்கிக் குழாயும் திறந்தே இருந்தது. இம்முறை நான் நிறுத்தம் எதுவும் விடவில்லை.

“பெரியோர்களே, அன்று நான் பாதி பேசினேன். மீதி இது. நாம் கதவை அடைத்தோம், அடைத்தது எல்லோருக்காகவும். அதற்கு விலை கொடுத்தது ஒரு வயலும், அதோ நிற்கிறார்களே, அவர்கள் வீட்டு அடுப்புகளும். எல்லோருக்காகவும் அடைத்ததன் விலையைச் சிலரிடம் மட்டும் வாங்கியிருக்கிறோம். அது மூச்சைக் காத்த ஊருக்கு அழகில்லை. ஆகையால் இந்த அவையின்முன் வாக்களிக்கிறேன்.” அதன்பின் மேடைத்தமிழ் என்னிடமிருந்து நழுவிவிட்டது, நழுவியதை நான் பிடித்து நிறுத்தவும் இல்லை. “அக்கா, கருகின செடிய வெட்டிக் கவாத்து பண்ணணும்னு சொன்ன இல்ல? நாளைக்கு விடிஞ்சதும் மொத ஆளா நான் வரேன். மறுபடி பூக்கிற வரைக்கும் ஒரு மேடையும் ஏற மாட்டேன், உன் வரிசையிலதான் நிப்பேன். இன்னொரு தரம் இந்த ஊர மூடுன்னு யார் சொன்னாலும் சரி, நானே சொன்னாலும் சரி, மூடினா நின்னுபோற வேலைய யார் யார் தூக்கிச் சொமக்கிறதுன்னு மொதல்ல பேசி முடிக்காம, இந்த மைக்க நான் கையில இருந்து குடுக்கவே மாட்டேன்.”